நெஞ்சுவலிக்கு நேரம்தான் மருந்து

லோடு இறக்கிவிட்டு வந்த வீட்டுக்காரர், "அம்மிணி, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது" என்கிறார். "ராத்திரி ஓட்டல்ல தின்னது செரிக்கலீங்க, வாய்வாத்தான் இருக்கும்" என்று நாம் ஓமத் தண்ணி கொடுக்கிறோம். நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் இது எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். வாய்வாகவே இருந்தால் நல்லது. இல்லையென்றால்? அந்த ஒரு மணி நேரம் திரும்பி வராது.

இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் கட்டி அடைத்துக் கொள்வதே மாரடைப்பு. அடைப்பு நீடிக்க நீடிக்க இருதயத் தசை செத்துக் கொண்டே போகும். சில சமயம் துடிப்பே தாறுமாறாகி இருதயம் நின்றும் விடலாம். அப்படி நின்றால், நெஞ்சை அமுக்கி உதவாத ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைகிறது.

இருதய நிபுணர் எல்லா ஊரிலும் இருக்க முடியாது. நர்ஸ் இருக்கிறார். அதனால்தான் நர்ஸ்களின் பயிற்சி உயிர் காக்கும் விஷயமாகிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் நர்ஸ் ரோஸ் பின்னியோவும், இ.சி.ஜி.யைப் படிக்கவும், தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கவும் நர்ஸ்களுக்கே கற்றுக் கொடுத்தார்கள். டாக்டர் ஓடி வரும் வரை காத்திருந்தால் நேரம் தப்பிவிடும் என்பதே காரணம்.

இன்று நர்ஸ்களுக்குச் சொல்லித் தருவது இதுதான்: நெஞ்சுவலிக்காரரை சீட்டு வாங்கும் வரிசையில் நிறுத்தக் கூடாது, நடக்க விடக் கூடாது, வந்த 10 நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சும் நாடியும் இல்லையென்றால், 10 வினாடிக்கு மேல் தேடிக் கொண்டிருக்காமல் நெஞ்சை அமுக்க ஆரம்பிக்க வேண்டும். 2 நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். இதைப் பொம்மையின் மேல் திரும்பத் திரும்பப் பழகினால்தான் அவசரத்தில் கை தானாக வேலை செய்யும்.

இப்படி முறையாகச் செய்தால் பலன் உண்டா? உண்டு. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்துப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6 பேர், இணைத்த பிறகு 14.2 பேர்.

2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு இது. அதற்காக அந்த மாத்திரைகளை நாமே வாங்கி வைத்து விழுங்கக் கூடாது. குடல்புண், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

சரி, வீட்டில் நாம் என்ன செய்வது?

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் - இவை வந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலி லேசாக இருக்கலாம். வாந்தி, முதுகு வலி, காரணமில்லாத அசதி மட்டுமே தெரியலாம். "எனக்கென்ன, அடுப்படி வேலை முடியட்டும்" என்று தள்ளிப் போடும் நமக்கும் இது பொருந்தும், சகோதரிகளே!

தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நடு நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம், அதன் மேல் இன்னொரு கை. முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 செ.மீ. இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பழையபடி மேலே எழும்ப விடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். இது பெரியவர்களுக்கான முறை, குழந்தைகளுக்கு வேறு.

படித்தால் மட்டும் போதாது. உங்கள் ஊர் மகளிர் குழுக் கூட்டத்துக்கு சுகாதார நிலைய நர்ஸை ஒரு நாள் அழையுங்கள். "எங்களுக்கும் செஞ்சு காட்டுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். அரை மணி நேரம் போதும்.