மலிவுக் கட்டணமும் மெய்யான சிக்கனமும்

நம் அங்கத்தினர்களுள் பலர் சென்னை செல்ல நேரும்போது, கட்டணம் குறைந்த இரவுப் பேருந்தையே நாடுகின்றனர். சிக்கனம் நற்குணமே, ஆயின் சீட்டின் விலையை மட்டும் கணக்கிடுவது சிக்கனமாகாது.

மதுரையிலிருந்து சென்னை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். இரவு முழுவதும் உட்கார்ந்தே வந்த நெசவாளரோ விவசாயியோ, மறுநாள் சரக்கைக் காட்டி விலை பேசும் தெம்புடன் இருப்பாரா? 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டபின், தென் மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. நகரின் நடுப்பகுதியை அடையச் சுமார் 30 கிலோமீட்டர் வேறு வண்டியில் செல்ல வேண்டும். மூட்டைக்குத் தனிக்கூலி கேட்போரும் உளர். பண்டிகைக் காலத்தில் தனியார் பேருந்துக் கட்டணம் உயர்வதையும் யாவரும் அறிவோம்.

ரயிலின் படுக்கை வகுப்பிலோ காலை நீட்டி உறங்கலாம். 40 கிலோ வரை சுமைக்குக் கட்டணமில்லை. வண்டியிலேயே கழிப்பறை இருப்பது பெண்களுக்கும் முதியோருக்கும் சிறிய சௌகரியமன்று.

ரயில் செல்லாத ஊர்களும் திடீர்ப் பிரயாணங்களும் உண்டு. அவற்றிற்குப் பேருந்தே துணை. ஆனால் கண்காட்சிகளின் தேதி பெரும்பாலும் முன்னரே தெரிகிறது. ரயிலில் 60 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். தனித்தனியே அலைந்து கடைசி நாளில் கிடைத்த பேருந்தில் ஏறுவதைவிட, சங்கமே இப்பொறுப்பை ஏற்று அனைவருக்கும் ஒருங்கே பதிவு செய்து தருவது எளிது. கூட்டுறவு என்பது நூல் வாங்குவதற்கும் உரம் வாங்குவதற்கும் மட்டும் உரியதன்று. நிர்வாகக் குழுவினர் தம் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஆலோசித்து முடிவு செய்வார்களாக.