மெஷின் வேண்டுமா, மெஷின் கடன் வேண்டுமா?



"படிப்பு முடிஞ்சதும் ஒரு கம்பெனியில சேர்ந்துடு" என்பதுதான் நம்மில் பலருக்கும் வீட்டில் சொல்லப்படும் அறிவுரை. சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லையைத் தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி. ஆனால் கம்பெனி பஸ் ஏறாமலே தொழில் செய்கிறவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்கள் நம் அம்மாக்களும் அக்காக்களும்தான். ஆரம்பாக்கத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் தையல் மெஷின் ஓடுகிறது. பிளவுஸ், சுடிதார், ஆரி ஒர்க், ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைக்கிறார்கள். இவர்களில் நாலு பேர் சேர்ந்து ஒரு பெயர் வைத்தால் அதுவே ஒரு சின்ன ஃபேஷன் கம்பெனி! அந்தக் கம்பெனிக்குப் புதிய தொழில்நுட்பம் எந்த வழியில் வந்து சேர வேண்டும் என்பதே என் கேள்வி.

"மெஷின் வந்தா நம்ம பொழப்பு போயிடும்" என்று பயப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது புதிய பயம் அல்ல. 1830-ல் பிரான்ஸ் நாட்டுத் தையற்காரர் பார்த்தலமி திமோனியே தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவச் சீருடை தைத்த அவருடைய பட்டறையைப் பயந்துபோன தையற்காரர்களே அடித்து நொறுக்கினார்கள். ஆனாலும் தையல் மெஷின் நிற்கவில்லை. எங்க அம்மா காலால் மிதிக்கிற மெஷின் அதன் வாரிசுதான். அந்த மெஷின் ஓடிய காசில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் டிப்ளமோ படிக்கிறேன்.

சரி, புதிய மெஷினால் சின்ன யூனிட்டுக்கு என்ன லாபம்? வேகம் என்போம். அது பெரிய கம்பெனிக்குத்தான். ஒரு உதாரணம் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் தயார் பண்ண வேண்டும். பத்து டி-ஷர்ட்டுக்காக நாலு ஸ்கிரீன் போட்டால் கட்டுப்படியாகுமா? கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனை ஃபிலிமில் அச்சடித்து, ஹீட் பிரஸ்ஸில் வைத்துத் துணியில் ஒட்டும் டி.டி.எஃப் முறையில் ஸ்கிரீனே கிடையாது. ஒரே ஒரு டி-ஷர்ட் என்றாலும் செய்யலாம். அதேபோல் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டால் எல்லா சைஸையும் நெருக்கமாக அடுக்கி, வெட்டுத்துணி வீணாவதைக் குறைக்கலாம். ஆக, சிறியவர்களுக்குப் புதிய தொழில்நுட்பம் தருவது சின்ன ஆர்டரை நஷ்டமில்லாமல் எடுக்கும் தைரியம். விற்காத சரக்கு மூட்டையாகத் தேங்காது.

ஆனால் இங்கேதான் நாம் சறுக்குகிறோம். மெஷின் வேண்டும் என்றதும் கடனுக்கு ஓடுகிறோம். 2015-ல் முத்ரா திட்டம் வந்த பிறகு சிறு தொழிலுக்குக் கடன் கேட்பது சுலபமாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் கடனோடு சேர்ந்து ஆர்டர் வருவதில்லையே! எங்கள் தெரு அக்கா ஒருத்தர் கடன் வாங்கி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டார். முகூர்த்த மாதங்களில் நன்றாக ஓடியது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பிளவுஸும் இல்லை. மெஷின் சும்மா நின்றது, தவணை மட்டும் நிற்கவில்லை. ரிப்பேர் என்றால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். "மெஷினுக்கு நான் சம்பாதிக்கிறேன்டா தம்பி" என்றார் அக்கா.

இதற்கு வழி திருப்பூரில் இருக்கிறது. அங்கே நிட்டிங் ஒரு யூனிட், டையிங் வேறு யூனிட், பிரிண்டிங், எம்பிராய்டரி வேறு வேறு யூனிட். எல்லா மெஷினையும் வாங்காமலே ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கி, சின்ன முதலாளிகளும் ஏற்றுமதித் தொழிலில் பங்கு பெற்றார்கள். நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டது என்ற வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையைச் சிறு பட்டறைகளால் தனியாக நிறைவேற்ற முடியுமா? பலர் பங்கு போட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் கைகொடுத்தன. நம் மாநிலத்தின் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. பள்ளிச் சீருடை ஆர்டரைச் சங்கம் எடுக்கிறது, பெண்கள் வீட்டிலிருந்தே தைத்துத் தருகிறார்கள்.

எனவே என் தாழ்மையான கருத்து இதுதான். சின்ன யூனிட்டுக்கு மெஷினின் உபயோகம்தான் தேவை, சொந்தம் கொண்டாடுவது தேவையில்லை. நம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது, ஒர்க்ஷாப் இருக்கிறது. மாலையானால் இரண்டுக்கும் பூட்டு! அங்கே ஒரு ஹீட் பிரஸ்ஸும் ஒரு எம்பிராய்டரி மெஷினும் வைத்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, ஊர்ப் பெண்களுக்குத் திறந்துவிட்டால் என்ன?

"ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது?" என்பீர்கள். மெக்கானிக்கலும் எலக்ட்ரிகலும் படிக்கிற நாம் எதற்கு இருக்கிறோம்? அதுவே நமக்குப் பிராக்டிகல். "தீபாவளி நேரத்தில் சண்டை வருமே?" வரும். நோட்டுப் போட்டு முறை வைத்தால் தீரும். கையால் போடும் ஆரி வேலை அடிபடக் கூடாது என்பதற்காக ஒரு நிபந்தனையும் வேண்டும். கைவேலை எது, மெஷின் வேலை எது என்று வாங்குகிறவரிடம் சொல்லியே விற்க வேண்டும். அப்போதுதான் கைக்கு உரிய கூலி கைக்குக் கிடைக்கும்.

மாணவர் பேரவை வருகிற கல்வியாண்டில் முதல் தீர்மானமாக இதை எடுத்து, முதல்வரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பூட்டிய அறையின் சாவியைத்தான் கேட்கிறோம் நண்பர்களே, புதுக் கட்டடம் கேட்கவில்லை!

— மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை