வாலிபர்கள் எங்கே போனார்கள்?

பவுர்ணமி தோறும் லட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊர் திருவண்ணாமலை. இந்தக் கோவில் நகரில் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். டேனிஷ் மிஷன் இங்கு நடத்திய பள்ளிக்கூடத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். அந்த மிஷன் வழி வந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 சதவீதம். இந்த மாவட்டத்தில் அதைவிடக் குறைவு. சிறிய சபைகளில் நாலு வாலிபர்கள் வராவிட்டால் நாற்காலிகள் காலியாகத் தெரியும்.

"இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். பக்தி இல்லையா, பிள்ளைகளே ஊரில் இல்லையா? படித்து முடித்தவன் வேலை தேடிச் சென்னைக்கோ, ஓசூருக்கோ, பெங்களூருக்கோ போய்விடுகிறான். செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண், கிடைத்த ஒரு நாள் ஓய்வில் துணி துவைப்பாளா, வாலிபர் கூட்டத்துக்கு வருவாளா?

லண்டனில் நடந்தது

இது புதிய சங்கடம் அல்ல. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடைச் சிப்பந்தி, பிழைக்க வந்த இளைஞர்களின் தனிமையைக் கண்டார். நண்பர்கள் சிலருடன் சேர்ந்து கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22. ஒய்.எம்.சி.ஏ. என்று உலகம் அறிந்த அந்தச் சங்கம் 1890-ல் சென்னையிலும் ஏற்பட்டது.

அதன் காரியதரிசியாக ஊர் ஊராகச் சுற்றியவர் நெல்லைச் சீமையில் பிறந்த அசரியா. 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. 1912-ல் தோர்ணக்கல் அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. இளம் வயதிலேயே அவரை நம்பிப் பொறுப்புக் கொடுத்தார்கள்.

இன்று என்ன கொடுக்கிறோம்?

பந்தல் போட வாலிபர் வேண்டும். பாட்டுப் பாட வேண்டும். பண்டிகைக்கு விருந்து பரிமாற வேண்டும். சபைக் கணக்கைப் பார்க்க மட்டும் அவர்களுக்கு வயது போதாது! இப்படி நடத்தினால் எந்தப் பிள்ளை நிலைத்து நிற்கும்?

வாலிபர் ஊழியத்தை நடத்துகிறவர் முதலில் செய்யவேண்டியது, வெளியூர் போன பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு வைப்பது. யார் எந்த ஊரில், எந்த அறையில் இருக்கிறார்கள், பக்கத்தில் எந்தச் சபை இருக்கிறது என்று அதில் எழுதவேண்டும். அந்தச் சபை ஆயருக்கு ஒரு தகவல் போகவேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும், வேலை போனாலும் விசாரிக்க ஒருவர் இருப்பார்.

அடுத்தது, உள்ளூரில் இருப்பவர்களுக்கு உண்மையான பொறுப்பு. ஒரு சிறு நிதியை அவர்களே வசூலிக்கட்டும், அவர்களே செலவிடட்டும், சபை முன் கணக்கும் காட்டட்டும். வேலை நேரத்தை அனுசரித்துக் கூட்டத்தை மாற்றட்டும். பவுர்ணமியன்று பஸ்ஸும் பாதையும் நெரியும் ஊரில் அன்றைக்கே கூட்டம் வைப்பது வீண் பிடிவாதம்.

மூன்றாவது, அண்டை அயலாருடன் சிநேகம். ஒரே பெஞ்சில் படித்த நண்பன் கார்த்திகை தீபத்துக்குக் கூப்பிடுவான். கிறிஸ்துமசுக்கு இவன் வீட்டுக்கு வருவான். எப்படிப் பழகுவது என்ற கேள்வி இவ்வூர்ப் பிள்ளைக்குத் தினமும் எழும். அதற்கு அதட்டல் பதிலாகாது. உட்கார்ந்து பேசவேண்டும்.

அடுத்த சபைக் கூட்டத்தில் வாலிபர்களைப் பற்றிப் பேசுமுன், ஒரு வாலிபரையாவது பேசச் சொல்லுங்கள். பெரியவர்கள் குறுக்கிடாமல் கேளுங்கள்.