சிந்தியா ஆன் பார்க்கர்: எது சிறை, எது மீட்பு?

அமெரிக்க எல்லைப்புற வரலாறு சில பெண்களின் வாழ்வை இரண்டே வினைச்சொற்களில் முடித்துவிடுகிறது: 'கடத்தப்பட்டாள்', 'மீட்கப்பட்டாள்'. சிந்தியா ஆன் பார்க்கரைப் பற்றிய நூல்களும் நினைவுக் கற்களும் குடிவழிப் பட்டியல்களும் நெடுங்காலமாக இவ்விரு சொற்களையே கையாண்டுவந்துள்ளன. முதற்சொல்லில் உண்மை உண்டு. இரண்டாம் சொல், நடந்ததற்கு நேர்மாறானது. அதை ஆய்வாளர்கள் இன்னும் மேற்கோள் குறியின்றி எழுதிக்கொண்டிருப்பது வியப்புக்குரியது.

நிகழ்வுகள் பலரும் அறிந்தவை. இல்லினாயிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்த பார்க்கர் குடும்பம், நவசோட்டா ஆற்றின் தலைப்பகுதியில் மரக்கோட்டை ஒன்றை அமைத்து வாழ்ந்தது. 1836 மே 19 அன்று கொமான்சேயரும் அவர்தம் நட்புக்குடியினரும் அதைத் தாக்கினர். ஐவர் கொல்லப்பட்டனர், ஐவர் பிடித்துச் செல்லப்பட்டனர். கொல்லப்பட்டவருள் தந்தையும் பாட்டனாரும் இருக்க, பிடிக்கப்பட்டவருள் ஒருவராக இருந்த சிந்தியா ஆனுக்கு அப்போது வயது ஏறத்தாழ ஒன்பது. அவர் கொமான்சேக் குடும்பத்தில் வளர்ந்து, போர்த்தலைவர் பீட்டா நொக்கோனாவை மணந்து, குவானா, பீக்கோஸ் என்னும் இரு மகன்களையும் டாப்சானா என்னும் மகளையும் பெற்றார். 1840களில் அவரைக் கண்ட வெள்ளையர் விலை கொடுத்து அழைத்துவர முயன்றும் அது கைகூடவில்லை.

1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் சல் ராஸ் தலைமையிலான டெக்சாஸ் ரேஞ்சர்களும் குதிரைப்படையினரும் ஒரு கொமான்சே முகாமைத் தாக்கினர். கைக்குழந்தையுடன் பிடிபட்ட பெண்ணின் கண்கள் நீலமாக இருந்ததால் உயிர் தப்பியது. பெரியப்பன் ஐசக் பார்க்கர் வந்து பெயரைச் சொன்னபோது, அது தன் பெயரே என்று அவர் உணர்த்தினார் எனப் பதிவுகள் கூறுகின்றன. ஆங்கிலத்தில் எஞ்சியிருந்தது ஏறக்குறைய அந்தப் பெயர் மட்டுமே. கணவனிடமிருந்தும் இரு மகன்களிடமிருந்தும் அன்று பிரிக்கப்பட்ட அவர், அவர்களை மீண்டும் காணவேயில்லை.

இதற்குத்தான் வரலாறு 'மீட்பு' என்று பெயரிட்டது. 1861இல் டெக்சாஸ் சட்டமன்றம் அவருக்கு ஒரு லீக் நிலமும், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 100 டாலர் உதவித்தொகையும் வழங்கியது. உடன் உறவினர் இருவரைக் காப்பாளர்களாகவும் நியமித்தது. முப்பது வயதைக் கடந்த, மூன்று பிள்ளைகளின் தாய்க்குக் காப்பாளர்கள். அவர் பலமுறை தப்பியோட முயன்றார். ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொண்டுவரப்பட்டார். தப்பியோடுபவரைத் திருப்பிக் கொண்டுவரும் இடத்திற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பெயர்தான் உண்டு, அது வீடன்று. உடனிருந்த மகள் டாப்சானாவும் சில ஆண்டுகளில் நோயுற்று இறந்தாள். தாய் 1870ஐ ஒட்டி மறைந்தார்.

அக்காலத்து ஒளிப்படம் ஒன்று எஞ்சியுள்ளது. குழந்தைக்குப் பாலூட்டியபடி அமர்ந்திருக்கும் அவரது கூந்தல் குட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. கொமான்சேப் பெண்கள் இறந்தோருக்காகத் துக்கம் காக்கும் முறை அது. டெக்சாஸ் கொண்டாடிய திரும்புகையை அந்தப் பெண் இழவாகக் காத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு இதனினும் நேரான சான்று கிடைப்பதரிது. எழுத்தாக அவர் எதையும் விட்டுச்செல்லவில்லை. அதே நாளில் பிடிபட்ட உறவினர் ரேச்சல் பிளம்மர், ஓராண்டுக்குச் சற்று மேல் கொமான்சேயரிடம் துன்புற்றுத் திரும்பியபின் 1838இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ஓராண்டு இருந்தவர் எழுதிய நூல் உண்டு. இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்தவரின் ஒரு சொற்றொடர்கூட அவர் மொழியில் இல்லை. எந்த அனுபவம் 'சான்று' ஆயிற்று என்பதை அது எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதே முடிவுசெய்தது.

குடிவழிப் பட்டியல்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெயர், பிறப்பு, மணம், இறப்பு என்னும் கட்டங்கள் நடுநிலையானவை போலத் தோன்றும். பீட்டா நொக்கோனா இறந்த ஆண்டு என்ற ஒரே கட்டத்தைப் பார்த்தால் போதும். பல பட்டியல்கள் 1860 என்கின்றன. அதற்கு மூலம், தலைவனைத் தம் படையே வீழ்த்தியது என்ற ராஸின் கூற்று. பீஸ் ஆற்றுப் புகழ், பின்னாளில் டெக்சாஸ் ஆளுநரான அவருடைய அரசியல் வாழ்வுக்குத் துணைநின்றது. மகன் குவானாவோ, தம் தந்தை அன்று அங்கே இல்லை, பின்னரே இறந்தார் என்று மறுத்தார். வரலாற்றாய்வாளர்கள் பால் கார்ல்சன், டாம் கிரம் ஆகியோர் 2010இல் வெளியிட்ட நூல், அன்று நடந்தது போரன்று, பெரும்பாலும் பெண்கள் இருந்த சிறு முகாமின் மீதான படுகொலை என்று வாதிட்டது. ஆகவே அந்தக் கட்டத்தில் 1860 என்று மட்டும் நிரப்புபவர், அறிந்தோ அறியாமலோ, மகனின் சொல்லை நீக்கி ஆளுநரின் சொல்லை ஏற்கிறார்.

இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. ஒன்பது வயதுச் சிறுமியின் கண்முன் குடும்பத்தாரைக் கொன்று அவளைத் தூக்கிச் சென்றதைச் சிறையென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ரேச்சல் பிளம்மரின் கைக்குழந்தை கொல்லப்பட்டதை மறந்துவிடலாமா? மறக்கக் கூடாது. 1836இல் நடந்தது வன்முறை. கொமான்சே வாழ்வை அழகுபடுத்தி எழுதுவதும் ஒருவகைப் பொய்யே. ஆனால் முதற்பிடிப்பு வன்முறை என்பதனால் இரண்டாம் பிடிப்பு விடுதலையாகிவிடாது. ஒரே உயிர் இருமுறை குடும்பத்திலிருந்து பறிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் நேர்மை.

பொதுமக்கள் நினைவு இதை ஏற்க மறுத்ததற்குத் திரைப்படமும் ஒரு காரணம். ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' 1956இல் வந்தது. சிந்தியா ஆனின் வரலாறு இதற்கு ஊற்றுகளில் ஒன்று எனப் பரவலாகக் கருதப்படுகிறது. பெண் வெள்ளையர் வீட்டுக்குள் கொண்டுசேர்க்கப்படுவதுடன் படம் நிறைவுறுகிறது. உண்மைப் பெண்ணின் மிகத் துயரமான பத்தாண்டுகள் அந்த வாசற்படியைக் கடந்த பின்னரே தொடங்கின.

இந்த வரலாற்றைச் செம்மையாக எழுதியவர்கள் வழித்தோன்றல்களே. குவானா 1875இல் தம் குழுவினருடன் சில் கோட்டையில் சரணடைந்தார். கொமான்சேயரிடையே குடும்பப்பெயர் வழக்கமில்லாதிருந்தும் தாயின் குடும்பப்பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொண்டார். தாயின் அந்த ஒளிப்படத்தின் படியைத் தேடிப்பெற்று வீட்டுச் சுவரில் மாட்டினார். தாயின் எச்சங்களை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுவர அமெரிக்கக் காங்கிரசிடம் 1,000 டாலர் ஒதுக்கீடு பெற்று, 1910 டிசம்பரில் மறு அடக்கம் செய்தார். அடுத்த பிப்ரவரியில் அவரும் மறைந்து தாயருகே அடக்கமானார். படைத்துறை ஏவுகணைத் தளத்தை விரிவாக்க, 1957இல் இருவர் கல்லறையும் சில் கோட்டைக்கு மாற்றப்பட்டன. 1965இல் டாப்சானாவும் அங்கே கொண்டுசேர்க்கப்பட்டாள். பிரிக்கப்பட்ட தாயையும் மகளையும் மகனையும் ஒன்றுசேர்க்க நூறாண்டுகளுக்கும் மேலாயிற்று. மீட்பு என்ற சொல் எங்கேனும் பொருந்துமெனில் இங்கே பொருந்தும்.

மொழியியல் மாணவர்கள் இக்குடும்பத்தில் இன்னொன்றையும் காணவேண்டும். பாட்டி ஆங்கிலத்தை இழந்து கொமான்சே மொழிக்குள் சென்றார். பேரப்பிள்ளைகளின் தலைமுறையிலோ, கொமான்சேக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டு ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்டனர். முதலாவதை 'நாகரிகத்திலிருந்து வழுவல்' என்றும், இரண்டாவதைக் 'கல்வி' என்றும் ஆவணங்கள் எழுதின. அடக்கப்பட்ட அதே மொழியில் மறைசெய்தி அனுப்ப, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையே 17 கொமான்சே இளைஞர்களைப் பயிற்றுவித்தது. 'கொமான்சே' என்ற பெயரும் பிறர் இட்டதே; அதன் மூலம், அயலாரை அல்லது பகைவரைக் குறிக்கும் யூட் மொழிச்சொல் என்பர். அவர்கள் தம்மை 'நுமுனு' என்கின்றனர், பொருள் 'மக்கள்'.

எல்லைப்புறப் பெண்களின் குடும்ப வரலாற்றை எழுதுவோர் இனிச் செய்யவேண்டியவை எளியவை. 'மீட்கப்பட்டார்' என்னுமிடத்தில் 'மீண்டும் பிடிக்கப்பட்டார்' என்று எழுதலாம். முரண்படும் தேதிகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்காமல், யார் சொன்ன தேதி என்பதைச் சேர்த்தெழுதலாம். நாதுவா என்னும் கொமான்சேப் பெயரை அடைமொழியாக அன்றிப் பெயராகவே பதியலாம். அவர் தம் வாழ்நாளின் நீண்ட பகுதியில் விடையளித்தது அந்தப் பெயருக்கே.