காத்திருப்பதற்கும் கூலி உண்டு

ஆபிரகாம் வர்கீஸை நண்பர்கள் பலரும் வாசித்திருப்பீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். 1980களில் டென்னஸி மாநிலத்தின் ஜான்சன் சிட்டி என்னும் சிறு நகரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த அனுபவத்தை 'மை ஓன் கன்ட்ரி' (1994) என்ற நூலாக்கினார். அதை நோயின் கதையாகவே பேசுகிறோம். எனக்கோ அது ஓர் ஊர் மருத்துவமனையின் கதையாகவும் படுகிறது. பெருநகரங்களுக்குப் போன இளைஞர்கள் நோயுற்றுப் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். அங்கே அவர்களைப் பார்க்க ஒரு மருத்துவமனை இருந்தது.

இப்படி இருப்பது அமெரிக்காவில் இயல்பாக அமைந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவமனை என்பது பெரும்பாலும் போக்கிடமற்ற ஏழைகளுக்கானது. வசதியுள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் செய்துகொண்டார்கள். சிற்றூர்கள் பலவற்றுக்கு மருத்துவமனையைக் கொண்டுசேர்த்தது 1946இல் ட்ரூமன் கையொப்பமிட்ட ஹில்-பர்ட்டன் சட்டம். ஆயிரம் பேருக்கு 4.5 படுக்கைகள் என்பது இலக்கு. கட்டுமானச் செலவில் ஒரு பங்கை மத்திய அரசு தரும். மீதியை அந்தந்த ஊரும் மாநிலமும் திரட்ட வேண்டும்.

சட்டத்தை முன்மொழிந்தவர்களுள் ஒருவரான லிஸ்டர் ஹில், அலபாமாவின் அறுவை மருத்துவர் ஒருவரின் மகன். ஜோசஃப் லிஸ்டரின் நினைவாகவே அப்பெயரை இட்டார் தந்தை. அத்தகையவரின் சட்டம், கறுப்பினத்தவருக்குத் தனி இடம் ஒதுக்கினால் போதும் என்ற விலக்கையும் தன்னுள் வைத்திருந்தது. வட கரோலினாவின் கறுப்பினப் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸும் பிறரும் தொடுத்த வழக்கில், 1963இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. ஊருக்குப் பொதுவென்று கட்டிய கட்டடம் பதினேழு ஆண்டுகள் ஊரில் ஒரு பகுதியினருக்குப் பின்வாசலாகவே இருந்திருக்கிறது.

இரண்டாவது குறையே இன்றுவரை தொடர்கிறது. சட்டம் செங்கல்லுக்குப் பணம் தந்தது; நடத்துவதற்குத் தரவில்லை. வருமானம் நோயாளிகளின் தலையை எண்ணியே வந்தது. 1983இல் மெடிகேர், நோய்வகைக்கு இவ்வளவு என்று தொகையை முன்கூட்டியே நிர்ணயித்தபோது, நோயாளிகள் குறைந்த சிறு மருத்துவமனைகள் தள்ளாடின. 1997இல் 25 படுக்கைகளுக்கு மேற்படாத ஒதுக்குப்புற மருத்துவமனைகளுக்குச் செலவை ஒட்டிப் பணம் தரும் ஏற்பாடு வந்தும், 2010க்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன. பல இடங்களில் முதலில் பூட்டப்படுவது பிரசவ வார்டு.

நோயாளி குறைந்த இடத்தில் மருத்துவரின் கைத்திறன் மங்கும், நல்ல சாலைகள் இருக்கின்றன, பெரிய மருத்துவமனைக்குப் போகட்டுமே என்பார்கள். சிக்கலான அறுவைக்கு இது முற்றிலும் சரி. ஆனால் பிரசவித்தவளின் உதிரப்போக்கு நாற்பது மைல் சாலைக்குக் காத்திராது. தீயணைப்பு நிலையத்தை, சென்ற மாதம் எத்தனை தீ அணைத்தாய் என்று கேட்டா சம்பளம் தருகிறோம்? நள்ளிரவில் விளக்கெரிய ஒரு மருத்துவரும் இரு செவிலியரும் விழித்திருக்கிறார்களே, எவரும் வராத இரவிலும் அது வேலைதான். கூலி அதற்கும் சேர வேண்டும்.

இது நடவாத காரியமுமன்று. மேரிலாந்து மாநிலம் 2014இல் தன் மருத்துவமனைகளை, தலைக்கணக்கை விட்டு, ஆண்டுக்கு இவ்வளவு என முன்பே வகுத்த வருவாய்க்கு மாற்றியது. மற்ற மாநிலங்கள் முதலில் தம் கிராமப்புற மருத்துவமனைகளுக்கேனும் இதைச் செய்யலாம்.