நாள் குறிக்க நீவிர் யார்?

"எலும்புக்குப் பரவிவிட்டதாம்! இனி என்ன இருக்கிறது? விதி முடிந்தது!"

நம்மோடு பணியாற்றும் மூத்த ஆசிரியை ஒருவரைப் பற்றி வீட்டார் விடுத்த தீர்ப்பு இது. ஆறாண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய், அறுவை, பின்னர் நலம். அண்மையில் ஓயாத இடுப்புவலி. படம் எடுத்த பின் மருத்துவர் அறைக்குள் அழைக்கப்பட்டவர் யார்? கணவர், அண்ணன், மகன்! உடலுக்குரியவரோ வெளியே, விசிப்பலகையில்! அவருக்குக் கிடைத்தது "வாயுத் தொல்லை" என்ற பொய். "எனக்கு என்ன தம்பி?" என்று அவர் கேட்டபோது நாமும் வாய்மூடி நின்றோம். அந்த வெட்கமே இன்று எழுதவைக்கிறது.

மறைத்தது அன்பினாலாம்! அன்பன்று தோழர்களே, ஆணவம்!

எலும்பை எட்டிய மார்பகப் புற்றை முற்றும் ஒழிக்கும் மருந்து இன்றளவும் இல்லை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், ஒழிக்க முடியாதது வேறு. ஒடுக்க முடியாதது வேறு. எலும்பில் மட்டும் பரவியவர்கள், கல்லீரலிலோ மூளையிலோ பரவியவர்களைவிடப் பொதுவாக நெடுநாள் வாழ்கின்றனர். இயக்குநீரால் வளரும் வகைக்கு, லெட்ரோசோலுடன் ரைபோசிக்லிப் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. பரவிய நோயுடன் அம்மருந்துகளைப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 63.9 மாதங்கள், ஐந்தாண்டுக்கு மேல்!

இடைநிலை என்பது என்ன? வகுப்பில் நடு மதிப்பெண் ஐம்பது என்றால், ஒவ்வொரு மாணவனும் ஐம்பதா பெற்றான்? பாதிப்பேர் அதற்கும் மேலே! நோயின் வகை, பரவிய இடம், மருந்துக்கு அது பணியும் பாங்கு ஆகியவற்றை எடைபோடாமல் "ஆறு மாதம்" என்று நாள் குறிப்பது மருத்துவமா, சோதிடமா?

"உண்மையைச் சொன்னால் உள்ளம் உடையுமே" என்பார் உளர். சொல்லாவிட்டால் எலும்பு உடையுமே, ஐயா! முதுகெலும்பில் வளரும் நோய் தண்டுவடத்தை நெருக்கினால் கால் தளரும், மரத்துப்போகும், சிறுநீர் அடக்கமிழக்கும். உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய வேளை அது. தாமதித்தால் நடை மீளாமலே போகலாம். வாயு என்று நம்பியிருப்பவர் ஓடுவாரா? தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பாரா? வலியைத் தணிக்கக் கதிர்வீச்சு உண்டு. பலருக்கு ஒரே அமர்வு போதும். எலும்பு முறிவைத் தடுக்க சோலெட்ரோனிக் அமிலம் உண்டு. அதற்குமுன் பற்களைச் சோதிக்க வேண்டும். நோயின் பெயரே அறியாதவர் எதைக் கேட்பார், எதைத் தேர்வார்?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. விதியென்று விம்மி ஓய்ந்தாரா? 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை எழுப்பினார்! அந்த மண்ணிலா இன்னும் தலையெழுத்துப் பேச்சு?

கேட்க விரும்பாதவர் செவியில் கணக்கைத் திணிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள் என்கிறோம். எஞ்சிய ஆண்டுகள் இரண்டாயினும் பத்தாயினும் அவை அவருடையவை. மகள் திருமணத்தை முன்வைப்பதோ, பணியைத் தொடர்வதோ, மருந்தே போதும் என்பதோ அவர் முடிவு.

நாளை பள்ளிக்குச் செல்கிறோம். அவர் மீண்டும் கேட்டால் "வாயு" என்று சொல்லமாட்டோம். "வாருங்கள் அம்மா, மருத்துவரிடம் உங்களோடு வருகிறோம், இம்முறை உள்ளே அமர்பவர் நீங்கள்" என்போம்.