கணிப்பொறிக்குக் காய்ச்சல் வந்தால்...

வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் அதை ஒளித்து வைக்கிறோமா? இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதி அனுப்புகிறோம். அதே வீட்டில் கணிப்பொறிக்கு நோய் கண்டால் மட்டும், கடைசியாக அதைத் தொட்டவர் வாயைத் திறப்பதில்லை. வைரஸ் செய்யும் கேட்டைவிட இந்த மௌனம் செய்யும் கேடே பெரிது என்பது எங்கள் கருத்து. பட்டறிந்து சொல்கிறோம்.

'வைரஸ்' என்பது இலத்தீன் மொழியில் நஞ்சு எனப் பொருள்படும் சொல். கணிப்பொறி வைரஸ் ஓர் உயிரன்று. மனிதர் எழுதிவைத்த நிரலே அது. தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டு பரவுவது அதன் இயல்பு. 1986-ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் வைரஸ், ஃபிளாப்பித் தட்டுகள் வழியே நாடு விட்டு நாடு சென்றது. இன்று ஃபிளாப்பியைக் காண்பது அரிது. பென்டிரைவும், மின்னஞ்சலும், இலவசம் என்று கைகாட்டி அழைக்கும் விளையாட்டுகளும் அந்த வேலையைச் செய்கின்றன.

சென்ற ஆண்டு சமூக அறிவியல் ஒப்படைவை அச்செடுக்க, அக்காள் தங்கை நாங்கள் இருவரும் ஜெராக்ஸ் கடைக்குச் சென்றோம். கையில் இருந்தது அப்பாவின் பென்டிரைவ். கேட்காமல் எடுத்தது. வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால், அதிலிருந்த கோப்புறைகள் எல்லாம் சிறிய அம்புக்குறியுடன் ஷார்ட்கட்டுகளாக மாறியிருந்தன. ஒன்றைச் சொடுக்கினோம். அந்தச் சொடுக்கில்தான் வைரஸ் எங்கள் கணிப்பொறிக்குள்ளும் புகுந்தது என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

அந்தப் பென்டிரைவில் மறைந்த எங்கள் பாட்டியின் படங்கள் இருந்தன. அப்பா வருவதற்குள் எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் அதை ஃபார்மட் செய்தோம். வெறுமையாக இருந்தால் சந்தேகம் வருமே என்று எங்கள் பாடக் கோப்புகளை அதில் நிரப்பி வைத்தோம். நான்கு நாட்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அப்பா தம் அலுவலகப் பென்டிரைவை வீட்டுக் கணிப்பொறியில் செருகினார். அதிலும் அதே அம்புக்குறிகள்!

கணிப்பொறி பழுது பார்க்கும் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வகை வைரஸ் படங்களை அழிக்காது, மறைத்துத்தான் வைக்கும். அன்றைக்கே சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஃபார்மட் செய்து, அதன்மேல் வேறு ஏற்றியும் விட்டீர்களே!" அலுவலகக் கோப்புகளை அவர் மீட்டுத் தந்தார். பாட்டியின் படங்கள் திரும்பவில்லை. அவற்றை வைரஸ் கொண்டுபோகவில்லை; எங்கள் பயம் கொண்டுபோயிற்று.

"கண்டதையும் தொட்டால் இப்படித்தான்" என்று பெரியோர் சிலர் கூறலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு வைரஸ் புறப்பட்டது. 'ஐ லவ் யூ' என்ற தலைப்பிட்ட மின்னஞ்சலில், காதல் கடிதம் போல் ஒட்டிக்கொண்டு வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தானே சென்றது. கணிப்பொறியில் இருந்த படக் கோப்புகளையும் பாழாக்கியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையே தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்திவைக்க நேர்ந்தது. பல நாடுகளிலும் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் அதைத் திறந்தார்கள். அவர்களே ஏமாந்தபோது, பதினைந்து வயதுப் பெண் ஏமாறுவது வியப்பாகுமா? ஏமாறுவது தவறுதான், வெட்கக்கேடு அன்று.

ஆகவே தோழியரே, கணிப்பொறி வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால் முதலில் கையை எடுங்கள். இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறெந்தப் பென்டிரைவையும் அதில் செருகாதீர்கள். வங்கிக் கடவுச்சொல் எதையும் அதில் தட்டாதீர்கள். எதையும் அழிக்காமல், வீட்டுப் பெரியவரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். விண்டோஸ் கணிப்பொறியிலேயே அமைந்துள்ள டிஃபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை செய்யலாம். அதற்கும் அடங்காவிட்டால் அறிந்தவரை அழைக்கலாம். கடவுச்சொற்களை நோயில்லாத வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். "உங்கள் கணிப்பொறியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் கூவும் அறிவிப்பை நம்பாதீர்கள், அது வலை. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கச் சொல்லுங்கள். அங்கும் தாமதம்தான் எதிரி.

வருமுன் காப்பதும் கடினமன்று. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்னும் வைரஸ் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது! புதுப்பிக்கச் சொல்லிக் கணிப்பொறி கேட்கும்போது "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிவிடுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். உண்மையைச் சொல்ல வந்த பிள்ளையை முதல் வார்த்தையிலேயே கடிந்துகொள்ளாதீர்கள். கண்டிப்பு வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. முதலில் கணிப்பொறியைக் காப்பாற்றுங்கள், பிறகு கண்டியுங்கள். அடி விழும் என்று அஞ்சும் வீட்டில் வைரஸுக்கு நான்கு நாட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

எங்கள் அப்பா அன்று கோபித்துக்கொள்ளவில்லை. "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். இருவரிடமும் பதில் இல்லை. இப்போது எங்கள் வீட்டுப் படங்கள் அனைத்துக்கும் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி உண்டு. மாதம் ஒருமுறை செருகி, நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வைப்பது எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் அதில் பாட்டியின் முகம் இல்லாததைப் பார்க்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு முகம் இருந்தால், இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தவறு நேர்ந்துவிட்டாலோ, அன்றே சொல்லிவிடுங்கள்.